கணினியுடன் ஒலிபெருக்கிகளை இணைத்தலும் இரைச்சலைக் குறைத்தலும்

மாணவர்களே, ஒலிபெருக்கி ஒரு வருவிளைவுச் சாதனம் என்பதை எல்லோரும் எழுதிவிடுவீர்கள். அதை எந்தத் துறையில் செருகுவது என்று கேட்டால்தான் பலர் தடுமாறுகிறீர்கள். கணினியின் பின்புறத்தில் பொதுவாக மூன்று வட்டத் துளைகள் காணப்படும். பச்சை ஒலி வெளியேறும் துறை; இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்குரியது; இளநீலம் வேறொரு கருவியிலிருந்து ஒலியை உள்ளெடுப்பது. வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் இருந்தால் நிறம் உதவாது. அப்போது குறியீட்டைப் பாருங்கள். அம்புக்குறி வெளிநோக்கி இருப்பதே ஒலிபெருக்கிக்கான துறை.

ஒலி அட்டையிலிருந்து வரும் சமிக்ஞை ஏறத்தாழ 1 வோல்ற்று அளவானது. அதனால் மட்டும் ஒலிபெருக்கியை உரத்து ஒலிக்கச் செய்ய முடியாது. எனவே வலுவூட்டிய ஒலிபெருக்கியின் பெட்டிக்குள் ஒரு விரியலாக்கி இருக்கும். அதற்குத் தனியாக மின்சாரமும் வேண்டும். 3.5 மில்லிமீற்றர் செருகியின் நுனி இடப்பக்க ஒலியையும், நடு வளையம் வலப்பக்க ஒலியையும் கொண்டு செல்கின்றன. அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான புவிக்கம்பியாகும். செருகி முழுவதும் உட்செல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கேட்கலாம். ஒலிக்குமிழைப் பூச்சியத்தில் வைத்துச் செருகிய பின்னரே ஆளியைப் போடுக.

இனி இரைச்சல். முதலில் காதைப் பயன்படுத்துங்கள். குமிழைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் குமிழில் தூசு. 'உஸ்' என்று சீராகக் கேட்டால் கணினியின் ஒலியளவு குறைவாகவும் ஒலிபெருக்கியின் குமிழ் மிகக் கூடவும் இருக்கலாம். கணினியில் முக்கால் பங்குக்கு உயர்த்தி, குமிழைக் குறையுங்கள். 'டிக் டிக் டிர்ர்' என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் இருக்கும் கைத்தொலைபேசியை அப்பால் வையுங்கள். 2ஜி முறையில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 217 தடவை அலைகளைத் துண்டுதுண்டாக அனுப்புவதே இதற்குக் காரணம்.

'ம்ம்ம்' என்ற முனகல்தான் சிக்கலானது. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ் மீடிறன் கொண்ட ஆடலோட்டம். இந்த 50 ஹேட்ஸும் அதன் இருமடங்கான 100 ஹேட்ஸும்தான் முனகலாகக் கேட்கின்றன. குமிழ் பூச்சியத்தில் இருக்கும்போதும் முனகினால் பழுது ஒலிபெருக்கியின் மின்வழங்கியில் இருக்கலாம். கணினியிலிருந்து செருகியைக் கழற்றியதும் நின்றால் பெரும்பாலும் அது புவித்தடம். அதாவது, கணினியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடங்களில் புவித்தொடுக்கப்பட்டிருக்க, ஒலி வடத்தின் புவிக்கம்பி அவற்றை இணைத்து ஒரு வளையத்தை ஆக்குகின்றது. வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியோடு கலந்துவிடுகின்றது.

இதில் நானே பட்டிருக்கிறேன். நான் கலைப்பட்டதாரி, வயரிங் பற்றி அப்போது எதுவும் தெரியாது. எங்கள் ரியூசன் வகுப்பில் பெரிய மூன்றுமுள் ஒலிபெருக்கி முனகியது. மாணவன் ஒருவன் கணினிப் பிளக்கிலிருந்த புவிக்கம்பியைக் கழற்றினான். முனகல் நின்றது, நானும் அவனைப் பாராட்டினேன். மறுநாள் மழை. ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்ற பிள்ளை கணினியின் தகரப் பெட்டியைத் தொட்டு, 'சேர்' என்று கத்தியபடி கையை உதறினாள். புவித்தொடுப்பு இல்லாவிட்டால் கணினியின் மின்வழங்கியிலுள்ள வடிகட்டும் கொள்ளளவிகள் வழியாகப் பெட்டிக்கு மின்வழங்கலின் ஏறத்தாழ அரைப்பங்கு வோல்ற்றளவு வந்துவிடும். அந்த மின்னோட்டம் சிறிது. அதனால் அன்று தப்பினோம். உள்ளே உயிர்க்கம்பி பெட்டியில் பட்டிருந்தால் 230 வோல்ற்றும் அவள் கையில் இறங்கியிருக்கும். புவிக்கம்பியை ஒருபோதும் கழற்றாதீர்கள். வேறு யாரும் கழற்றவும் விடாதீர்கள்.

சரியான வழி எளிது. இரண்டு பிளக்குகளையும் ஒரே நீட்டிப்பலகையில் செருகினால் வளையம் சிறுத்து, முனகல் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஒலி வடத்தின் நடுவே சிறு நிலைமாற்றி கொண்ட தனிமைப்படுத்தியைப் பொருத்தலாம். அதில் ஒலி காந்தப்புலத்தின் வழியே கடக்கும், கம்பித்தொடர்பு இராது. ஒலி வடத்தை மின்வடத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே செல்ல நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கவிடுக. யூஎஸ்பி மின்னில் இயங்கும் சிறு ஒலிபெருக்கியில் சுட்டியை அசைக்கும்போதெல்லாம் கீச்சொலி வந்தால், அதற்கு மின்னைக் கணினியிலிருந்து எடுக்காமல் தனிச் சார்ஜரிலிருந்து கொடுத்துப் பாருங்கள்.

பயிற்சி வினா: ஒலிபெருக்கியில் 50 ஹேட்ஸ் முனகல் கேட்கின்றது. செருகியைக் கழற்றியதும் நிற்கின்றது.
(அ) இதற்கான காரணத்தைப் படம் வரைந்து விளக்குக.
(ஆ) 'புவிக்கம்பியைக் கழற்றினால் போதும்' என்கிறான் ஒரு மாணவன். இதனை ஏற்க முடியாமைக்குக் காரணம் தருக.