தரைக்கடியில் எவ்வளவு இருக்கிறது?

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது தாருகாபுரம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்குரியது. கரிவலத்தில் ஆவணித் தபசுக்குக் கூட்டம் திரளும் பால்வண்ணநாதர் கோயில், நிட்சேப நதிக்கரையில் இருக்கிறது. வைப்பாற்றின் துணையாறுகளில் ஒன்றான அந்த நதி மழையை நம்பியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொடுப்பதைத்தான் இந்த ஊர்கள் ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

வைத்துக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று குளம். இன்னொன்று, குளத்துக்கும் வயலுக்கும் அடியில் இருக்கும் பாறை.

இந்தப் பகுதியின் அடித்தளம் கடினப்பாறை. அதன் மேல்பகுதி காலப்போக்கில் சிதைந்து, சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை பொலபொலப்பான அடுக்காக இருக்கும். நிலத்தடி நீரின் பெரும்பகுதி அதில்தான் தேங்குகிறது. அதற்குக் கீழே விரிசல்கள் மட்டும்தான். ஆழம் போகப்போக அவையும் குறுகிவிடும். ஆயிரம் அடிக்கு போர் போட்டவருக்குப் புதிதாக ஒரு நீர்நிலை கிடைத்துவிடுவதில்லை. பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இருந்த அதே நீர்தான் விரிசல் வழியே அவருடைய போருக்கு வருகிறது.

மேல் அடுக்கும் தாராளமானதல்ல. சிதைந்த பாறையில் கிணற்றுக்குக் கிடைக்கும் நீர், அந்த அடுக்கின் கன அளவில் ஏறக்குறைய 1.5 முதல் 3 சதவீதம்தான் என்று மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு வழிமுறை கொள்கிறது. நல்ல மழை பெய்ததும் கிணறு மளமளவென்று ஏறுவதும், மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதே வேகத்தில் இறங்குவதும் இதனால்தான். கிணறு நிரம்பியதைப் பார்த்து ஊரே வளமாகிவிட்டதாக நம்புவது பெரிய ஏமாற்றத்தில் முடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். குளத்தில் நீர் நிற்கும் நாட்களில், நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர் வீதம் அது நிலத்துக்குள் இறங்குவதாக அதே வழிமுறை எடுத்துக்கொள்கிறது. 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் 100 நாள் தண்ணீர் நின்றால், மண்ணுக்குள் போவது சுமார் 5.6 கோடி லிட்டர். கிடைக்கும் நீர் 2 சதவீதம் என்று கொண்டால், சுற்றிலும் 700 ஏக்கரில் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்த இது போதும். தூர்வாரி, வரத்துக்கால்களைச் சீர்செய்து, குளத்தில் தண்ணீரை நிறுத்துவதன் பலன் இவ்வளவு பெரியது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கையிலெடுத்தது சரியான முடிவு.

கணக்கின் மறுபாதியை மட்டும் நாம் போடுவதே இல்லை. நெல்லுக்கு ஒரு பருவத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அதாவது ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 48 லட்சம் லிட்டர். குளம் 100 நாளில் ஊறவைத்த அத்தனை நீரையும் கோடையில் 12 ஏக்கர் நெல் குடித்துவிடும். வயலில் நிற்பதில் ஒரு பங்கு திரும்பவும் கீழே இறங்கும் என்றாலும், நிலைமை பெரிதாக மாறாது. அதே நீரில் உளுந்தோ பாசிப்பயறோ போட்டால் 45 ஏக்கருக்கு மேல் விளைவிக்கலாம்.

இந்த மறுபாதியைச் சட்டமும் கேட்கவில்லை. 2003இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. இலவச மின்சாரம் சிறு விவசாயியைக் காப்பாற்றியிருக்கிறது, அதைப் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் எடுப்பதற்கு விலையும் இல்லை, அளவும் இல்லை என்றால், ஆழமாகத் தோண்ட வசதியுள்ளவருக்கே தண்ணீர் மிஞ்சும். அது அநியாயம்.

வெளியிலிருந்து தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையும் பழையது. பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 22 டிஎம்சி நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்தின் சாத்தியக்கூறு அறிக்கை 1995இல் வந்தது. கேரளம் எதிர்க்கிறது, திட்டம் காகிதத்திலேயே இருக்கிறது. கேட்பதை நிறுத்த வேண்டாம். அதை நம்பிப் பயிர் வைக்கவும் முடியாது.

இருப்பதை அளந்து செலவிட வழி உண்டு. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், விவசாயிகளே கிணற்று மட்டத்தையும் மழையையும் அளந்து, ஊர்க்கூட்டத்தில் இருப்பைச் சொல்லி, அதற்கேற்பப் பயிரைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்குத் தேவை ஒரு மழைமானி, கிணற்றில் விட்டு அளக்க ஒரு நாடா, பிளஸ் டூ படிக்கும் இரண்டு பிள்ளைகள். காலமும் நமக்குத் தோதாக இருக்கிறது. டிசம்பரில் பருவமழை முடிகிறது. ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. கோடைப் பயிரைப் பற்றி முடிவெடுக்கும் நேரமும் அதுவே. கரிவலம் வட்டாரத்து விவசாயிகளே, வரும் கிராம சபையில் உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைப் பலகையில் எழுதி வையுங்கள். எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்பதை அன்றைக்கே பேசி முடிவுசெய்யுங்கள்.