கர்ப்பிணிகளும் இரத்தச் சர்க்கரையும்

கர்ப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவு பெரும்பாலும் நோவின்றி வருகிறது. அதனாலேயே அலட்சியம் செய்யப்படுகிறது. ஜுரம் கண்டால் வீட்டார் பதறுவர். கால் வீங்கினால் வைத்தியரை அழைப்பர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்த கர்ப்பிணியோ உண்கிறாள், உறங்குகிறாள், வீட்டு வேலையும் செய்கிறாள். காண்போர்க்கு யாதொரு குறையும் புலப்படுவதில்லை. இவ்வாறு மறைந்து நிற்கும் கேட்டை அளந்து பார்த்தாலன்றி அறிய வழியில்லை. அவ்வளவைக் கர்ப்பிணி தன் வீட்டிலேயே, தன் கையாலேயே எடுக்கப் பழகவேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய செலவையும் சௌகரியத்தையும் செய்து கொடுப்பது வீட்டு ஆண்மக்களின் கடமை என்பதும் நமது அபிப்பிராயம்.

கர்ப்பத்தின் நடுப்பகுதி முதல் நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ரசங்கள் தாயின் இன்சுலின் வேலை செய்யவொட்டாமல் தடுக்கின்றன. அதை ஈடுசெய்யும் அளவுக்கு அதிக இன்சுலின் சுரக்க இயலாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை சிசுவுக்குச் செல்லும். தாயின் இன்சுலினோ செல்லாது. ஆகவே சிசு தன் இன்சுலினையே மிகுதியாகச் சுரந்து, அளவுக்கு மீறிக் கொழுக்கிறது. பிரசவம் கஷ்டமாகிறது, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து அபாயம் நேரவும் கூடும். 'குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது' என்று மகிழ்வோர் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா இந்நோயை ஆராய்வதிலும், கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கவேண்டுமென்று வற்புறுத்துவதிலும் பல்லாண்டு உழைத்தார். 2007-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் அவ்வாறே எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதிக்க ஏற்பாடு செய்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கிறார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். முதலில் குறையொன்றும் காணாவிடினும் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆனால் இச்சோதனை நோயைக் கண்டுபிடிக்குமேயன்றிக் காவல் காக்காது. பதினைந்து நாளைக்கொரு முறை ஆஸ்பத்திரியில் எடுக்கும் அளவு அந்த ஒரு வேளையின் நிலையை மட்டுமே கூறும். மற்ற நாட்களில் காலைப் பலகாரத்திற்குப் பின்னும் இராப் போஜனத்திற்குப் பின்னும் நடப்பது என்ன? சிறுநீரைச் சோதிப்பதும் இங்கே போதாது. கர்ப்ப காலத்தில் இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை இறங்குவதுண்டு.

இரத்தத்தைத் தாமே சோதிக்கும் உரிமை நோயாளிகளுக்கு எளிதில் கிட்டியதன்று. 1969-இல் அமெரிக்காவில், பன்னிரண்டு வயது முதல் நீரிழிவால் வருந்திய ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற எஞ்சினீயர், சர்க்கரையை உடனே காட்டும் கருவி ஒன்று விற்பனையாவதை அறிந்தார். வைத்தியர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே அது விற்கப்பட்டது; நோயாளிக்கு இல்லை. அவருடைய மனைவி டாக்டராயிருந்தபடியால் அவர் பெயரில் வாங்க முடிந்தது. தம் இரத்தத்தைத் தாமே தினமும் அளந்து உடல் நலம் தேறிய அவர், பின்னர் வைத்தியம் கற்று டாக்டருமானார். அன்று அவருக்கு மறுக்கப்பட்ட கருவி இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவினதாய், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினால் என்ன பிரயோஜனம்?

செய்முறையை ஒரு நாளிலேயே கற்கலாம். கைகளைச் சோப்பினால் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தாலும் கணக்குப் பொய்க்கும். புதிய ஊசியால் விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு. விரலை அழுத்திப் பிழியலாகாது. வரும் துளியைக் கருவியில் செருகிய பட்டையில் தொட்டால் சில வினாடிகளில் எண் தோன்றும். பட்டைகளை அவற்றின் புட்டியிலேயே மூடி வைத்து, காலாவதித் தேதியையும் கவனிக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றிலும், மூன்று வேளை உணவுக்குப் பின்னும் சோதிப்பது பொதுவான முறை. உணவின் முதற் கவளத்திலிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், உண்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குள்ளும் இருப்பது நலம் என்பர். எண்ணையும் நேரத்தையும் உண்ட பதார்த்தத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுக. எண் ஏறிற்றென்று தானாகவே பட்டினி கிடப்பதோ, மருந்தை மாற்றுவதோ கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு 70-க்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரை கொடுத்து, வைத்தியருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இனி ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. கருவி ஒருமுறை வாங்குவது; பட்டைகளோ மாதந்தோறும் வாங்க வேண்டியவை. வளைகாப்புக்குக் கடன் வாங்கியும் செலவு செய்யும் குடும்பஸ்தர் இதற்குக் கணக்குப் பார்ப்பது நியாயமா? அன்றியும், எண் சற்று உயர்ந்தவுடன் 'நீ என்ன தின்றாய்?' என்று விசாரணை தொடங்கும் வீடுகள் பல. வழக்கு மன்றப் பழக்கமுடையோர் அறிவர்: சாட்சியை மிரட்டினால் உண்மை வெளிவராது. ஏச்சுக்கு அஞ்சும் பெண் சோதிப்பதையே விடுவாள். அல்லது பொய்யெண் எழுதுவாள். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் விதித்துவிட்டு, மற்றவர் அவள் எதிரே இனிப்பு உண்பதும் அழகன்று. சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டிய இலை வீட்டார் எல்லோருக்கும் போடப்படுமாயின், சர்க்கரை அவளுக்குக் கட்டுப்படும், மற்றவர்க்கும் நன்மையே.

பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். ஆனால் பிற்காலத்தில் அதே தாய்க்கு நிலையான நீரிழிவு வரும் அபாயம் அதிகம். ஆறு வாரம் கழித்து ஒரு சோதனையும், பின்னர் காலந்தோறும் சோதனையும் அவசியம். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதியை மறவாத தந்தை, தாயின் சோதனைத் தேதியையும் அதன் அருகிலேயே எழுதி வைப்பாராக.