பின்தொடரும் எடை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில், ரெட்டியார்பாளையத்தை அடுத்து மூலக்குளம் அமைந்துள்ளது. பேருந்துகளும் இருசக்கர வாகனங்களும் நெருங்கிச் செல்லும் இத்தகைய சாலைகளில் சுமையேற்றிய டிராக்டர்களும் செல்வதுண்டு. டிராக்டர் இழுத்துவரும் டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையெனில், இரண்டையும் நிறுத்தும் பொறுப்பு டிராக்டரின் பிரேக்கையே சாரும்.

எடையும் வேகமும்

2 டன் எடையுள்ள டிராக்டர் ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பிரேக்கை மிதித்தபின் 6 மீட்டரில் நிற்கிறது எனக் கொள்க. அதனுடன் 6 டன் எடையுள்ள டிரெய்லரை இணைத்தால் மொத்த எடை நான்கு மடங்காகும். பிரேக்கின் விசை மாறாதிருப்பின், நிற்கும் தொலைவும் நான்கு மடங்காகி 24 மீட்டரை எட்டும். ஆனால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே, வேகத்தை 15 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே சுமையுடன் 6 மீட்டரிலேயே நிறுத்திவிடலாம். இல்லாத பிரேக்கை ஈடுசெய்வது குறைந்த வேகமே.

இறக்கமும் மிதிகளும்

மூலக்குளத்தை அடுத்த அரும்பார்த்தபுரம் மேம்பாலம் போன்ற இறக்கங்களில், சுமை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். ஆகவே, இறங்கத் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறுதல் வேண்டும். வயலில் குறுகித் திரும்புவதற்காக, டிராக்டரின் இடப்புற, வலப்புறப் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உள்ளன. சாலையில் அவற்றை ஒன்றாக இணைத்துப் பூட்டாவிடில், ஒருபுறம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி திடீரெனத் திரும்பக்கூடும். பின்வரும் சுமை அதைக் கவிழ்த்தும் விடலாம்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. எனவே, அதற்கும் பதிவு தேவை. பழுதான வாகனத்தை இழுத்துச் செல்வதற்கு 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் தெளிவான வரம்புகளை வகுத்தன. இரு வாகனங்களுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என அவை கூறின. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்றும் அவை விதித்தன. கிரேன் கொண்டு முன்சக்கரங்களைத் தூக்கிச் சென்றாலன்றி, இழுக்கப்படும் வாகனத்தில் உரிமம் பெற்ற ஓட்டுநர் அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. இழுக்கும் கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்பட வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் இழுவைக்கு வரம்புகள் உண்டு.

இயந்திரம் இயங்காத காரில் பிரேக் மிதி இறுகிவிடும். அதிக விசையுடன் மிதித்தால்தான் பயன் தரும். அதனால் பிரேக் இருந்தும் அதை முழுமையாக நம்ப இயலாது. கயிறு தளர்ந்த நிலையில் முன்வண்டி திடீரென நின்றால், பின்வண்டி அதன்மீது மோதும்.

முன்செல்லும் வண்டியின் வேகத்தைப் பின்வரும் எடையே முடிவு செய்ய வேண்டும். இதனை உணர்ந்த ஓட்டுநர் தம்மை மட்டுமன்றி, அருகில் மிதிவண்டியில் செல்லும் மாணவரையும் காக்கிறார்.