வலம் போக இடம் வளை: கத்திப்பாராவின் கதை

செட்டியார்பட்டியிலோ ராஜபாளையத்திலோ இரவு பஸ் ஏறியவர்களுக்கு, சென்னை வந்துவிட்டது என்று உடம்பே சொல்லும் இடம் ஒன்று இருந்தது. மீனம்பாக்கம் தாண்டியதும் பஸ் சரிந்து வளையும். தூங்குபவர் தலை ஜன்னலில் இடிக்கும். அதுதான் கத்திப்பாரா. 2002-ல் வெளியூர் பஸ் நிலையம் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியதும், தென்மாவட்ட பஸ்களின் பாரம் இந்தச் சந்திப்பின்மேல் விழுந்தது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பாரம் குறைந்தது.

இடத்தின் அமைப்பே அப்படி. கிண்டியிலிருந்து வரும் அண்ணா சாலை இங்கே ஜி.எஸ்.டி. சாலையாகி விமான நிலையம் நோக்கிப் போகிறது. கோயம்பேடு, வடபழனி பக்கமிருந்து நூறடி சாலை வந்து வேளச்சேரிப் பக்கம் செல்கிறது. பூந்தமல்லி சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது.

முன்பு நடுவில் நேரு சிலை, சுற்றிலும் ரவுண்டானா. உள்ளே சுற்றுகிறவருக்கு வெளியிலிருந்து வருபவர் வழிவிட்டால்தான் ரவுண்டானா வேலை செய்யும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் முண்டினால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியாது, வெளியே இருப்பவர் நுழைய முடியாது. வழிவிடுவதில் நாம் எவ்வளவு தாராளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த நெரிசலைத் தீர்க்கத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கட்டிய மேம்பாலம் 2008-ல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 26-ல் முதலமைச்சர் கருணாநிதி முழுப் பாலத்தையும் திறந்துவைத்தார்.

மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ் விரித்த பூ. இதைக் 'குளோவர் லீஃப்' வடிவம் என்பார்கள். இதன் சூட்சுமம் எளிது. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே இடப்பக்கம் திரும்புவது சுலபம், எதிர்வரிசையை வெட்டிக்கொண்டு வலப்பக்கம் திரும்புவதுதான் வம்பு. இங்கே வலப்பக்கம் போக வேண்டியவர் நேரே போய்ச் சந்திப்பைத் தாண்டி, இடப்பக்கமே முக்கால் வட்டம் வளைந்து இறங்குகிறார். யாரும் யாரையும் குறுக்கே வெட்டுவதில்லை, சிக்னலும் வேண்டாம். அமெரிக்காவில் மேரிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் 1916-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1929-ல் நியூஜெர்சியின் வுட்பிரிட்ஜில் முதல் பாலம் வந்தது.

குறையும் உண்டு. ஒரு வளைவிலிருந்து சாலைக்கு வருகிறவரும், அடுத்த வளைவுக்குள் நுழைய ஒதுங்குகிறவரும் ஒரே சிறு துண்டில் மோதிக்கொள்ளாத குறையாகப் பின்னிக்கொள்வார்கள். வண்டி பெருகப் பெருக அந்தத் துண்டுதான் அடைத்துக்கொள்ளும். வுட்பிரிட்ஜ் பாலத்தையே பின்னாளில் வேறு வடிவில் மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

இன்னொரு குறை நடப்பவருக்கானது. சிக்னலே இல்லாத சந்திப்பில், நிற்கும் வண்டியும் இல்லை. சாலையைக் கடக்க இடைவெளி எங்கே கிடைக்கும்? வண்டிக்கு நான்கு இதழ் வரைந்தவர்கள் காலுக்கு ஒரு கோடு வரைய மறந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 2015 ஜூன் 29-ல் ஆலந்தூர்–கோயம்பேடு மெட்ரோ ஓடத் தொடங்கி, மறு ஆண்டு விமான நிலையப் பாதையும் வந்து, பாலத்துக்கு அருகிலுள்ள ஆலந்தூர் ரயில் மாறும் நிலையமானது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் பஸ் தேடிப் பாலத்தடிக்கு வந்தபோதுதான் அந்த இதழ்களுக்குள் கிடந்த வெற்று நிலம் கண்ணில் பட்டது. மெட்ரோ நிறுவனம் அங்கே அமைத்த நகர்ப்புறச் சதுக்கத்தை 2021 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பஸ் நிறுத்தம், வண்டி நிறுத்துமிடம், சாப்பாட்டுக் கடைகள், குழந்தைகள் விளையாட இடம் எல்லாம் இப்போது பாலத்தின் அடியில். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் இரண்டாம் கட்ட மெட்ரோவும் ஆலந்தூர் வழியாகவே வர இருக்கிறது.