ஷெல் நிரலில் கட்டளைப் பதிலீடும் உள்ஷெல்லும்

ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றிற்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். யூனிக்ஸ் ஷெல்லிலும் இதனை நினைவூட்டும் ஒரு வழக்கு உண்டு. கட்டளை எழுதிய இடத்தில் கட்டளை நில்லாது, அது தரும் விடையே வந்து நிற்கும். இதுவே கட்டளைப் பதிலீடு. மாணவர் பட்டியலின் வரிகளை எண்ணும் கட்டளையை, $( ) எனும் குறிக்குள் அடக்கி ஒரு வாக்கியத்தில் பொதிந்தால், அச்சில் வருவது 60 எனும் எண்ணே.

ஸ்டீபன் பார்ன் இயற்றி 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லில், இடப்பக்கம் சாய்ந்த ஒற்றைக்குறியே இதற்கு வழங்கியது. தொடக்கமும் முடிவும் ஒரே குறியாதலால் ஒன்றனுள் ஒன்றை அடக்குவது பெருந்தொல்லை. டேவிட் கார்னின் ஷெல்லில் வந்த டாலர் அடைப்பு அவ்விடரை நீக்கியது. இன்று எழுதுவோர் இதனையே கொள்க.

அடைப்பினுள் இட்ட கட்டளை மூல ஷெல்லில் இயங்குவதன்று. அதன் படியாகிய உள்ஷெல்லில் இயங்குவது. தாயிடமிருந்த மாறிகளும், அது நின்ற கோப்பகமும் மகவுக்குக் கிடைக்கும். மகவு அவற்றில் செய்யும் மாற்றமோ தாயை எட்டாது. அது அச்சிடும் சொற்களும் முடிவுநிலை எண்ணும் மட்டுமே திரும்பி வரும். (வட்டில் உள்ள கோப்பை அது மாற்றினால் மாற்றியதுதான், அது வேறு செய்தி.)

பலரும் இடறுவது குழாய்க்குறியில். மதிப்பெண் பட்டியலைக் குழாய்வழி 'வைல்' சுழலுக்கு அனுப்பி, தேறாதவரை ஒரு மாறியில் எண்ணுவதாகக் கொள்வோம். சுழலுக்குள் எண்ணிக்கை 7 ஆகும். சுழல் முடிந்தபின் அச்சிட்டால் 0 வரும். பிழைச்செய்தி ஏதும் இராது. தேறாதார் எவருமிலர் எனும் அறிக்கை முதல்வர் மேசையை அடைந்துவிடும்! பாஷ் ஷெல், இயல்பாகக் குழாயின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி உள்ஷெல்லில் ஓட்டுவதே காரணம். கார்னின் ஷெல் இறுதி உறுப்பைத் தன்னிடமே இயக்குவதால் அங்கு 7 கிடைக்கும். ஓரிடத்தில் சரியாக ஓடிய நிரல் மற்றோரிடத்தில் பொய்யுரைப்பது இவ்வாறுதான். குழாயை விடுத்து, சுழலின் இறுதியில் < குறியிட்டுக் கோப்பைத் தந்தால் இத்தொல்லை இல்லை.

இதே பிரிவு சிலவிடத்துக் காவலும் ஆகும். வேறு கோப்பகம் சென்று பழைய கோப்புகளை அழிக்க வேண்டின், 'சிடி' கட்டளையையும் அழிப்புக் கட்டளையையும் ஒரே வளைவு அடைப்பில் இடுக. பணி முடிந்ததும் மூல ஷெல் தன் இடத்திலேயே நிற்கும். இரண்டிற்கும் இடையே && குறியை மறவற்க. அஃதில்லையேல், 'சிடி' தவறும் நாளில், நின்ற இடத்துக் கோப்புகளே அழிந்துபோகும்.