செலினியம் மருந்தாகுமா?

ஆலத்தியூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் ஒரு மாத்திரைக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் அவருடைய தந்தைக்கு உறவினர் வாங்கித் தந்ததாம். மேலே ‘செலினியம்’ என்றிருந்தது. “இதைக் கொடுக்கலாமா, ஐயா?” என்றார்.

இயற்பியல் ஆசிரியனான எனக்குச் செலினியம் வேறு வகையில் பழக்கம். ஒளி பட்டால் அதன் மின்தடை குறையும் என்பது 1873இல் தெரிந்தது. பழைய ஒளிமானிகளில் அது இடம்பெற்றது. 1817இல் அதைக் கண்டறிந்த பெர்சீலியஸ், நிலவின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். தனிம அட்டவணையில் ஆக்சிஜன், கந்தகம், அதற்கடுத்துச் செலினியம் என மூன்றும் ஒரே குடும்பம். செலினியத்தின் அணு பெரியது; வெளி எலெக்ட்ரான்களின் பிடிப்பு தளர்வானது. ஆகவே எலெக்ட்ரானை எளிதில் கொடுக்கும், எளிதில் திரும்பப் பெறும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நம் உடலிலும் நடக்கிறது. உயிரணுக்களில் சேரும் பெராக்சைடுகளைச் சிதைக்கும் குளுட்டத்தயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியில் செலினியம் இருப்பது 1973இல் வெளிப்பட்டது. இந்நொதியைப் போல் வேலை செய்யும் சிறு மூலக்கூறுகளைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கோவிந்தசாமி முகேஷ் குழுவினர் உருவாக்கி ஆராய்ந்துள்ளனர்.

தாவரங்களின் வழி வேறு. வெங்காயத் தோலின் குவெர்செட்டின், பூஞ்சை தாக்கிய வேர்க்கடலைச் செடியில் உண்டாகும் ரெஸ்வெரட்ரால் ஆகியவை ஃபீனால் வகைச் சேர்மங்கள். இவை ஒரு ஹைட்ரஜன் அணுவை விட்டுக்கொடுத்து, இணையற்ற எலெக்ட்ரானுடன் அலையும் மூலக்கூறுகளை அடக்குகின்றன.

இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? ரெஸ்வெரட்ராலின் சட்டகத்தில் செலினியத்தைப் பொருத்திய சேர்மங்களை 2015இல் இத்தாலிய வேதியியலார் வெளியிட்டனர். சோதனைக்குழாயில் அவற்றின் அடக்கும் திறன் கூடியிருந்தது.

அடக்குகிற பொருள் புற்றுநோயை எப்படிக் கொல்லும்? நல்ல கேள்வி. இத்தகைய சேர்மங்களில் சில, அளவு கூடும்போது எதிர்மாறாக நடந்து பெராக்சைடைப் பெருக்குகின்றன. புற்றணுக்கள் பலவற்றில் அது ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் அவை மடியும், நல்ல உயிரணு தாங்கும் என்பது கணக்கு. வளர்ப்புத் தட்டில் பலிக்கும் இக்கணக்கு மனித உடலில் பலிப்பது வேறு செய்தி.

மாத்திரைக்கு வருவோம். 2001இல் தொடங்கிய அமெரிக்க ஆய்வொன்றில் 35,533 ஆண்கள் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் உண்டனர். புராஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை; 2008இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அதுவும் நலமாயிருந்தவர்களிடம் நடந்த ஆய்வு; நோயாளிக்கு அதை வைத்து எதுவும் சொல்ல இயலாது. அளவு மீறினால் முடி உதிரும், நகம் கெடும் என்பது மட்டும் உறுதி.

குப்பியைப் பிரிக்காமல், சிகிச்சை தரும் மருத்துவரிடமே காட்டும்படி சொன்னேன். மறுநாளே தந்தையுடன் புறப்பட்டார்.