கிரேப் மிர்ட்டில் பூக்கலையா? கத்தரியை எடுக்கும் முன் இதைப் படிங்க!

நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றதைப் பார்த்து ஆசையாக வாங்கி வந்தாச்சு. ஆனால், வீட்டுக்கு வந்த பிறகு வெறும் இலைதான். கிரேப் மிர்ட்டில் வளர்ப்பவர்கள் பலரின் புலம்பல் இது. என்ன காரணம்?

முதலில் வெயில்

தினமும் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழல் விழும் பால்கனியில் செடி உயிரோடு இருக்கும், பூப்பது சந்தேகம்தான். நிழலும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்தால் இலையில் வெள்ளை மாவு பூத்தது போல சாம்பல் நோயும் வரும்.

எந்த ரகம்?

சாதாரண ரகங்கள் 20 அடி வரைகூட வளரும். தொட்டிக்கு 3, 4 அடியில் நிற்கும் குட்டை ரகம்தான் சரி. 1956-ல் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து இதன் உறவுக்காரச் செடி ஒன்றின் விதைகள் அமெரிக்காவுக்குப் போயின. அதைப் பழைய ரகத்தோடு கலந்து, சாம்பல் நோயைத் தாங்கும் செடிகளை அமெரிக்க தேசிய தாவரப் பூங்காவின் டொனால்ட் ஈகோல்ஃப் உருவாக்கினார். 'போகோமோக்', 'சிக்காசா' போன்ற குட்டை ரகங்கள் அந்த வழியில் வந்தவையே.

கத்தரி எப்போது?

இந்தச் செடி அந்தந்த ஆண்டு விடும் புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். தளிர் வந்த பிறகு வெட்டினால் மொட்டும் சேர்ந்தே போய்விடும். எனவே ஜனவரி, பிப்ரவரியில், தளிர்விடும் முன்பே காய்ந்த, உரசும் கிளைகளை மட்டும் நீக்குங்கள்.

பெரிய ரகத்தை வாங்கிவிட்டு, உயரத்தைக் குறைக்க வருஷா வருஷம் மொட்டையடிப்பதும் வேண்டாம். அப்படி வெட்டினால் மெலிந்த கிளைகள் நீண்டு, பூவின் கனம் தாங்காமல் தொங்கும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதை 'கிரேப் மர்டர்', அதாவது கொலை என்றே கிண்டலடிக்கிறார்கள்!

தண்ணீர், உரம்

அடியில் துளையுள்ள 15 அங்குலத் தொட்டி போதும். மேல்மண் காய்ந்ததும் நன்றாக ஊற்றுங்கள், தேங்க விடாதீர்கள். யூரியா போன்ற தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழிக்கும். தொழுவுரம் கொஞ்சம் போதும்.

முதல் பூ உதிர்ந்ததும் காய்க்கொத்துகளைக் கிள்ளிவிடுங்க. இன்னொரு சுற்று பூக்க வாய்ப்பு உண்டு.